சிறுவர் பாடகர் குழாமைப் பொறுப்பெடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு பங்கில் பதினான்கு வருடமாகச் சிறுவர் பாடகர் குழாமைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகப் பொறுப்பெடுக்கும் அக்காமார், தம்பிமார், ஞாயிறு பாடசாலை டீச்சர்மார் போனில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் கத்தோலிக்கப் பெண் என்பதால் பங்கு, திருப்பலி என்றே எழுத வருகிறது. மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைக்காரர்கள் ஆராதனை என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். தொண்டையும் காதும் எல்லாச் சபைக்கும் ஒன்றுதான்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. பாதர் "நீங்கதான் செய்யணும்" என்று சொல்லிவிட்டார். ஒப்புக்கொள்ளலாமா?

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை, கீபோர்ட் இல்லாமல், போனில் பதிந்துகொண்டே பாடுங்கள். மூன்று சரணமும் முடித்துப் பல்லவிக்குத் திரும்பியதும் நிறுத்திவிட்டு, தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். அதே இடத்தில் நிற்கிறீர்கள், அல்லது அரைக்கட்டைக்குள் (கீபோர்டில் பக்கத்துக் கட்டைக்குள்) இறங்கியிருக்கிறீர்கள் என்றால் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். அதற்கு மேல் இறங்கியிருந்தால் கீபோர்ட் வாசிக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் குரல் இனிமையாக இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். பிள்ளைகள் பாடும்போது எந்த மூலையில் சுருதி சாய்கிறது என்று பிடிக்கும் காது வேண்டும். அது பழகப் பழக வரும்.

ஆனால் சரி என்று சொல்லுமுன் பாதரிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். ஒத்திகைக்கு எந்த அறை, சாவி யாரிடம்? கூட நிற்கப்போகும் இன்னொரு பெரியவர் யார்? மாதத்தில் எந்த ஞாயிறு பிள்ளைகளுடையது? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் தொடங்கிய குழாம்கள் ஒளிவிழா (நத்தார் கலைவிழா) முடிந்ததும் கலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் ஒத்திகைக்கு முன் நான் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பாட்டை மனப்பாடமாக்குங்கள். கொப்பியைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் உங்கள் கண் கடதாசியிலேயே இருக்கும். பின்வரிசையில் ஒருவன் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டிக்கொண்டிருப்பது தெரியாது. பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது பாடிப் பாருங்கள். மெட்டு இல்லாமல் சொற்களை மட்டும் சொல்லியும் பாருங்கள். எங்கே பொருள் முடிகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது மூச்சு. நீங்கள் ஒரே மூச்சில் பாடும் வரிக்குப் பிள்ளைக்கு இரண்டு மூச்சு வேண்டும். எங்கே எடுப்பது என்று நீங்கள் தீர்மானிக்காவிட்டால் அவர்களே தீர்மானிப்பார்கள்: "நன்றியோடு வரு" என்று நிறுத்தி, ஒரு இழுப்பு இழுத்து, "கிறோம்" என்று முடிப்பார்கள். பென்சிலால் மூச்சு இடங்களுக்குச் சின்னக் கோடு போட்டு வையுங்கள்.

முதல் நாளைக்கு ஒரு பல்லவியும் ஒரு சரணமும் போதும். நாற்பது நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு வரி நீங்கள் பாடுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். பிறகு அதே இரண்டு வரியை அவர்கள் பாடட்டும், நீங்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இந்த இரண்டாவதுதான் பெரும்பாலானவர்களால் முடியாதது. என்னாலும் முடியவில்லை. மூன்று வருடம் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் உரக்கப் பாடிக்கொண்டே இருந்தேன். ஒரு ஜூலை மாதம் தடிமன் பிடித்துக் குரல் அடியோடு போய்விட்டது. கையை மட்டும் அசைத்தேன், அவர்கள் பாடினார்கள். காணிக்கைப் பாடலின் இரண்டாவது வரியில் எல்லாரும் ஒரு சுரம் தள்ளிப் பாடினார்கள். அன்றைக்கு வந்த பிழை இல்லை அது, மூன்று வருடத்துப் பிழை. என் சத்தத்தில் எனக்கே கேட்டதில்லை.

யூடியூப்பில் கேட்ட சுருதியிலேயே பாட வைக்கிறேன். மேலே போனால் கத்துகிறார்கள், கீழே வந்தால் சத்தமே வருவதில்லை. ஏன்?

அந்தப் பதிவில் பாடியவர் பெரியவர், அவர் தன் குரலுக்குச் சுருதி வைத்திருக்கிறார். எனக்கு வரும் போன்களில் பாதி, உண்மையில் இந்தக் கேள்விதான். பிள்ளைகள் ஒழுங்காகப் பாடுவதில்லை என்று தொடங்குவார்கள், விசாரித்தால் சுருதிதான் பிழையாக இருக்கும்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு வசதியான எல்லை சின்னது: கீபோர்டில் மிடில் சிக்கு அடுத்த டியிலிருந்து அதற்கு மேல் உள்ள ஏ வரை. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மிடில் சியிலிருந்து மேல் டி வரை நிம்மதியாகப் போவார்கள், பழகியவர்கள் இன்னும் ஒரு சுரம் ஏறுவார்கள். கர்நாடக சங்கீத வகுப்பில் பெண்கள் வழக்கமாக 5 கட்டை, 5½ கட்டை என்று வைத்துக்கொள்வது மிடில் சிக்குக் கீழே உள்ள ஜியை ஒட்டிய சுருதி. அதில் கீழ் சுரங்கள் வரும் பாட்டைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தால் உறுமல்தான் வரும்.

எனவே புதுப் பாட்டு கையில் வந்ததும் அதன் மிகக் கீழ் சுரம் எது, மிக மேல் சுரம் எது என்று கண்டுபிடியுங்கள். ச முதல் மேல் ச வரை ஓடும் பாட்டா? ச-வை 2 கட்டையில், அதாவது மிடில் சிக்கு அடுத்த டியில் வையுங்கள், பெரிய பிள்ளைகளுக்குப் பொருந்தும், மேல் ச-வை ஒட்டிய இடங்கள் மட்டும் சின்னவர்களுக்கு எட்டாது. கீழ் ப வரை இறங்கி மேல் ச வரை ஏறும் பாட்டா? 4 கட்டையில் வைத்தால் கீழ் ப மிடில் சியில் விழும், ஆனால் மேல் ச சின்னவர்களுக்கு எட்டாது. பெரியவர்களுக்கும் அது வசதியான எல்லைக்கு மேலேதான். அந்த ஒரு வரியை நன்றாகப் பழகிய பெரிய பிள்ளைகளிடம் மட்டும் கொடுங்கள், அல்லது வேறு பாட்டைப் பாருங்கள்.

கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருந்தால் இதெல்லாம் ஒரு நொடி வேலை. ஆனால் வேலை முடிந்ததும் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். முந்தின நாள் அடக்கத் திருப்பலிக்கு யாரோ நாலு படி ஏற்றி வைத்திருந்ததைப் பார்க்காமல் நான் ஒரு ஞாயிறு திருப்பலியின் புகழ்ப்பாடலான "உன்னதங்களிலே" தொடங்கினேன். பிள்ளைகள் விசிலடித்த மாதிரிப் பாடி முடித்தார்கள். சபை பாடவே இல்லை.

சேர்மாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பாடும்போது பிள்ளைகளை விட ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறீர்கள். உங்களுக்கு அது பழக்கம், சின்னப் பிள்ளைக்கு அது புதிர். உங்கள் ஆழத்தைத் தேடிக் கீழே இறங்கும். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை முன்னால் நிறுத்தி அவள் பாடிக் காட்டட்டும்.

"கடைசி வாங்குக்குக் கேட்கவில்லை" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எப்படிச் சத்தமாகப் பாட வைப்பது?

"சத்தமா பாடுங்க" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அதைக் கேட்ட பிள்ளை, பேசும் குரலை நெஞ்சிலிருந்து இழுத்து மேலே தள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், திருப்பலி முடியும்போது குரல் கட்டிப்போகும்.

எங்கள் கோவில் படியில் நின்றால் எதிர் மலையில் ஒரு லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தெரியும். ஒருநாள் பிள்ளைகளைப் படிக்குக் கூட்டிப்போய், "அங்க இருக்கிற உன் அம்மாவைக் கூப்பிடு" என்று ஒருவனிடம் சொன்னேன். "அம்மா" என்று கத்தினான். இரண்டு தரம் கத்தினதும் இருமினான். பக்கத்தில் நின்ற சின்னவள் கையை வாயில் குவித்து "கூ…" என்றாள். மெல்லிய சத்தம், கழுத்தில் ஒரு அசைவும் இல்லை. எதிர் மலையிலிருந்து யாரோ திரும்பக் கூவினார்கள். தேயிலைக்குள் ஆளைத் தேடி அழைக்கும் அந்தக் கூ நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தலைக்குரல் என்று பாட்டு ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். பாட்டின் மேல் வரியை அன்றைக்குச் சொல்லில்லாமல் "கூ கூ" என்றே பாட வைத்தேன். அந்த இடம் பழகியபின் சொற்களைச் சேர்த்தோம்.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் முதல் ஐந்து நிமிடம் இதற்கே: வாயை மூடி "ம்ம்" என்று முனகல், த்ரீவீலர் ஏறும் சத்தம் போல உதட்டை அதிர வைப்பது, நானுஓயாவுக்கு ஏறும் ரயிலின் கூவல் போலக் கீழிருந்து மேலே வழுக்கிப் போவது. உட்கார்ந்து பாட வேண்டாம். நின்றால் மூச்சுக்கு இடம் கிடைக்கும்.

கட்டடத்தையும் பாருங்கள். 1878இல் கட்டிய டிக்கோயா வார்லி தேவாலயம் போன்ற பழைய கற்கோவில்களில் மெல்லப் பாடினாலும் சுவர் திருப்பித் தரும். அங்கே வேகமாகப் பாடினால்தான் சொல் குழம்பும். தகரக் கூரைச் சிற்றாலயத்தில் மழை பிடித்துக்கொண்டால் எந்தப் பிள்ளையாலும் அதை வெல்ல முடியாது. போட்டி போட வைக்காதீர்கள். ஒத்திகை என்றால் தாளம் தட்டிச் சொற்களை வாயசைத்துப் பழகலாம். திருப்பலி என்றால் சபையைச் சேர்த்துப் பாடச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளைக்குச் சுருதியே சேரவில்லை. வாயை மட்டும் அசைக்கச் சொல்லலாமா?

கூடவே கூடாது. எனக்கு எட்டு வயதில் ஒருவர் அப்படிச் சொன்னார். அதற்குப் பிறகு பத்து வருடம் நான் கோவிலில் வாய் திறக்கவில்லை.

சுருதி சேராத பிள்ளைக்குக் காது இல்லை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அந்தப் பிள்ளை பேசும் குரலிலேயே பாடிக்கொண்டிருக்கும், மேலே ஒரு குரல் இருப்பதே அதற்குத் தெரியாது. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, அது பாடும் சுரத்துக்கு நீங்கள் போங்கள். அதே சுரத்தில் சேர்ந்து நில்லுங்கள், சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியட்டும். பிறகு கூ விளையாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோங்கள். குழாமில் நிற்கும்போது சுருதி நன்றாக நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் விடுங்கள். சிலருக்கு இரண்டு மாதம், சிலருக்கு ஒரு வருடம் பிடிக்கும்.

எங்கள் பிள்ளைகளில் சிலர் சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. பாட்டுக் கடதாசி கொடுத்து என்ன பயன்?

நகரத்துப் பங்குகளில் இது கூடிக்கொண்டே போகிறது. அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே பாட்டைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். நான் தடுப்பதில்லை, ஆனால் அதை மட்டும் நம்பினால் ழகரம் போய்விடும், றகரமும் போய்விடும்.

நான் செய்வது, எல்லாருக்குமே கடதாசி இல்லாமல் சொல்லிக்கொடுப்பது. வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவே அங்கே வராது. மெட்டுக்குக் கைச்சைகை உதவும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் ஜோன் கர்வன் பரப்பிய டொனிக் சொல்ஃபா என்ற பாட்டுப் பயிற்சி முறையில் டோ, ரே, மீ ஒவ்வொன்றுக்கும் ஒரு கை அடையாளம் உண்டு. பின்னால் ஹங்கேரியின் சொல்தான் கொடாய் வழி வந்த ஆசிரியர்கள் அதைப் பள்ளிக்கூடமெங்கும் கொண்டுபோனார்கள். நான் அதே அடையாளங்களை ச ரி க ம என்று சொல்லிப் பழக்குகிறேன். டோ என்றால் மூடிய கை, ஸோ என்றால் நெஞ்சைப் பார்த்த உள்ளங்கை. சின்னவர்களுக்கு இது விளையாட்டு. எனக்கோ, வாய் திறக்காமல் சுருதியைத் திருத்த ஒரு வழி.

ழகரத்துக்கு வாழைப்பழத்தைச் சொல்லிச் சொல்லி நாக்கைச் சுளுக்க வேண்டாம். ஒரு பாட்டில் ழ வரும் சொல் இரண்டோ மூன்றோதான். அந்தச் சொற்களை மட்டும் மெல்லச் சொல்ல வைத்துத் திருத்துங்கள்.

ஒத்திகையை எந்த நாள், எத்தனை மணிக்கு வைப்பது?

நம் ஊரில் இதற்கு ஒரே பதில் கிடையாது. சனிக்கிழமை டியூஷன். ஞாயிறு காலை சில தோட்டங்களில் அம்மாமார் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள், மூத்த பிள்ளைதான் தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டும். தரம் 5 பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை கண்ணில் படமாட்டார்கள். அவர்களை வா வா என்று இழுக்காதீர்கள், பரீட்சை முடிந்த கிழமை தாங்களாகவே வருவார்கள்.

எங்களுக்குச் சரிவந்தது ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு ஒரு மணித்தியாலம். பிள்ளைகள் ஏற்கனவே கோவிலில் இருக்கிறார்கள், இன்னொரு பஸ் காசு வேண்டாம். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று சொல்லிவிட்டோம். பாய் ஒன்று விரித்து வைத்திருக்கிறோம். முதலில் பிளேன்டீயும் பிஸ்கட்டும், பிறகுதான் பாட்டு. பசியோடு யாருக்கும் மூச்சு நிற்காது.

மாலை ஒத்திகை என்றால் இருட்டுமுன் பிள்ளை வீடு சேர வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு மழை வருட இறுதியில், அதாவது ஒளிவிழாவுக்கும் கரோலுக்கும் நேர் நடுவில். அந்தந்த ஊர் மழையைப் பார்த்துத்தான் நாட்காட்டி போட வேண்டும்.

குளிர் காலத்தில் தொண்டையைக் காப்பாற்ற என்ன கொடுப்பது?

வெதுவெதுப்பான தண்ணீர். கொத்தமல்லித் தண்ணியும் நல்லது, குடித்தால் இதமாக இருக்கும். ஆனால் குடிப்பது எதுவும் குரல்நாண் மீது படுவதில்லை, அது வேறு குழாய். தடிமன் பிடித்த பிள்ளையைப் பாட வைக்காதீர்கள், உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டு மூன்று கிழமையாகியும் கரகரப்பு போகாவிட்டால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நுவரெலியாவில், கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில், ஜனவரி காலைத் திருப்பலிக்கு வரும் பிள்ளைக்குத் தொப்பியும் கழுத்துத் துணியும் கழற்றாமலே முனகலைத் தொடங்குங்கள்.

என்ன வாத்தியம் வைத்துக்கொள்வது?

ஒத்திகைக்கு ஒரு சுருதிப்பெட்டி அல்லது போனில் ஒரு தம்புரா செயலி போதும். கீபோர்ட் மெட்டை முழுக்க வாசித்தால் பிள்ளைகள் அதில் சாய்ந்துகொள்வார்கள், கரண்ட் போனதும் விழுவார்கள். வாரத்தில் ஒரு பாட்டையாவது வாத்தியமே இல்லாமல் பாடிப் பழக்குங்கள்.

தோல் வாத்தியத்துக்கு ஈரம் எதிரி. மூடுபனிக் காலையில் மிருதங்கமும் தபேலாவும் இறங்கி நிற்கும். தப்பு என்ற பறை இருந்தால் அருமை. ஆனால் நெருப்பில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும், கோவிலுக்குள் அடுப்பு மூட்ட முடியாது. நாங்கள் பங்களாக் குசினியில் காய்ச்சிச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடி வருவோம். விடியக்காலை பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கூடுவதற்கு) ஆளை எழுப்ப அடித்த வாத்தியம் அது. பீடத்துக்கு முன் அடிக்கக் கூடாது என்று சில பெரியவர்களும், நம்முடையதை நாம் அடிக்காமல் யார் அடிப்பது என்று சிலரும் சொல்வார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் பாதரிடமும் பங்குச் சபையிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள், பிள்ளையைச் சண்டைக்கு நடுவில் நிறுத்தாதீர்கள்.

எந்தக் காலத்தில் எந்தப் பாட்டு? பிழை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

முக்கியமான சிலவற்றை நினைவில் வைத்தால் போதும். திருவருகைக்கால, தவக்கால ஞாயிறுகளில் "உன்னதங்களிலே" இல்லை. தவக்காலத்தில் அல்லேலூயாவும் இல்லை, நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலி வரும். பெரிய வியாழன் "உன்னதங்களிலே"க்குப் பிறகு பாஸ்கா இரவில் அது திரும்ப வரும்வரை வாத்தியங்கள் அடங்கியிருக்கும், பாட்டுக்குத் துணை வேண்டுமென்றால் மட்டும் மெல்ல வாசிக்கலாம். குருத்து ஞாயிறு பவனியில் நடந்துகொண்டே பாட வேண்டும், மேடும் பள்ளமும் ஏறியபடி மூச்சு வாங்கும், எனவே சின்னப் பல்லவி உள்ள பாட்டாக எடுங்கள்.

மற்றதெல்லாம் அன்றைய வாசகத்தை வெள்ளிக்கிழமையே வாசித்தால் தானாகத் தெரியும். பதிலுரைப் பாடலின் பல்லவியைப் பிள்ளைகளும் சரணத்தை ஒரு பெரியவரும் பாடலாம். 1967இல் வத்திக்கான் வெளியிட்ட திருவழிபாட்டு இசை அறிவுறுத்தல், பாடகர் குழாம் சபையின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்கிறது. எனவே ஞாயிறு முழுவதையும் புதுப் பாட்டால் நிரப்பாதீர்கள். புதிது ஒன்று, மற்றவை சபைக்குத் தெரிந்தவை. ஒருமுறை நான் ஐந்தும் புதிதாகப் போட்டேன். பிள்ளைகள் அழகாகப் பாடினார்கள், பாட்டிமார் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். நன்றிப்பாடல் முடிந்ததும் ஒரு ஆச்சி வந்து, "இன்னைக்கு எங்களுக்குப் பூசை இல்லையா மகள்?" என்று கேட்டார்.

இரண்டு குரலில் பாட வைக்க ஆசை. எப்போது தொடங்கலாம்?

ஒரே குரலில் எல்லாரும் ஒன்றாக நிற்கும்வரை வேண்டாம். பிறகு, பாதிப் பிள்ளைகள் "ச" என்று ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க மற்றவர்கள் பாடட்டும். அது வந்ததும் ஒரு கூட்டம் தொடங்கி, ஒரு வரி தள்ளி அடுத்த கூட்டம் தொடங்கும் சுழற்பாட்டு. தனி இரண்டாம் குரல் அதற்கும் அப்புறம்.

பதின்மூன்று வயதுப் பையனுக்குக் குரல் உடைகிறது. நிறுத்திவிடவா?

வேண்டாம். கொஞ்ச நாளைக்கு நடுவில் நாலைந்து சுரம்தான் அவனுக்குக் கிடைக்கும். அவை வரும் வரிகளைப் பாடட்டும், மற்ற நேரம் தாளம் பிடிக்கட்டும். சிரிக்கிற பிள்ளைகளை அதட்டி வையுங்கள். இந்த வயதில் வெளியே போகும் பையன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இன்றைக்கு எங்கள் பெரியவர்கள் குழாமில் அடிக்குரல் பாடும் மூன்று பேரும் அப்படித் தக்கவைத்தவர்கள்தான்.

பக்கத்து லயத்து இந்துப் பிள்ளை தோழியோடு வருகிறது. சேர்த்துக்கொள்ளலாமா?

அம்மா அப்பாவிடம் நீங்களே நேரில் போய்க் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழாமில் எப்போதும் இரண்டு மூன்று பேர் உண்டு. மாரியம்மன் திருவிழாக் கிழமை அவர்கள் வரமாட்டார்கள், அதற்கு ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரும் அந்த நாளில் தேர் பார்க்கத்தான் போயிருப்பார்கள்.

"என் பிள்ளைக்கு ஏன் தனிப்பாட்டு இல்லை?" என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள்.

தனிப்பாட்டைச் சுற்றில் விடுங்கள், பெயர்ப் பட்டியலை அறைச் சுவரில் ஒட்டுங்கள். சண்டை பாதியாகும். மீதிப் பாதிக்கு மருந்து இல்லை.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஒழுங்கு வைப்பது?

எந்த நேரமும் பெரியவர் இரண்டு பேர். கதவு திறந்திருக்க வேண்டும். தனிக்குரல் பயிற்சியும் மற்றவர்கள் பார்க்கும் இடத்தில்தான். பிள்ளையின் வயிற்றைத் தொட்டு மூச்சு காட்ட வேண்டாம், உங்கள் வயிற்றில் கை வைத்துக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு இரவில் தனித்தனியாக வட்ஸ்அப் அனுப்பக் கூடாது, செய்தி எல்லாம் பெற்றோர் குழுவுக்கு. யார் கூட்டிப்போகிறார்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். ஏதாவது ஒரு பிள்ளை சொல்லக் கூடாததைச் சொன்னால் நீங்களே விசாரணை நடத்தாமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பங்கின் பெயர் கெடும் என்று யாராவது தடுத்தாலும் அழையுங்கள்.

ஒளிவிழா, கரோல் ஆயத்தத்தை எப்போது தொடங்குவது?

ஒக்டோபரில். நவம்பர் 22, இசையின் பாதுகாவலி புனித செசிலியாவின் நாள். அதற்குள் சொற்கள் மனப்பாடமாகியிருக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு கெடு வைத்திருக்கிறோம். லயம் லயமாகப் போகும் கரோலுக்கு எல்லாப் பிள்ளைகளையும் எல்லா இரவும் கூட்டிப்போகாதீர்கள். திறந்த வெளியில், பனியில், ஏழெட்டு வாசலில் பாடிய பிள்ளைக்கு நத்தார் இரவுத் திருப்பலிக்குக் குரல் மிஞ்சாது. இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் அனுப்புங்கள்.

பாட்டுகளைப் போட்டோகொப்பி எடுக்கலாமா? பாடியதை இணையத்தில் போடலாமா?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை பாட்டுக்கு உரிமை உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் காலமானவர். அவர் கீர்த்தனைகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்றைய பாடல் என்றால் எழுதியவரைக் கேளுங்கள், நம்மவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் காணொளிக்கு ஒவ்வொரு வீட்டிலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு வீடு மறுத்தாலும் அந்தப் பிள்ளையை ஓரத்துக்குத் தள்ளாமல், கமராவை வேறு பக்கம் திருப்புங்கள்.

நடுவில் மறந்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

நிற்பார்கள், கட்டாயம் ஒருநாள் நிற்பார்கள். அப்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், எனவே முகத்தைச் சுளிக்காதீர்கள். அடுத்த வரியின் முதல் சொல்லை வாயசைத்துக் காட்டுங்கள், மூச்சு எடுக்கும் கையை உயர்த்துங்கள். போன உயிர்ப்பு ஞாயிறு எங்கள் குழாம் திருவிருந்துப் பாடலின் மூன்றாம் சரணத்தில் அப்படியே நின்றது. நான் கையைத் தூக்குமுன் கடைசி வாங்கிலிருந்து அந்த ஆச்சி பல்லவியை எடுத்துவிட்டார், அவர் சுருதியில், எங்களை விட ஒன்றரைக் கட்டை கீழே. கீபோர்ட்காரத் தம்பி என்னைப் பார்த்தான். ட்ரான்ஸ்போஸை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.